மூடிய சீனித் தொழிற்சாலையும் பழைய தொழிலாளரின் நிலுவையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கந்தளாய் சீனித் தொழிற்சாலை 1960இல் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியுடன் எழுந்தது. 1990களின் முற்பகுதியில் மூடப்பட்டது. அங்கே வேலை செய்தவர்களில் பலர் ஊர்விட்டு ஊர் போய்விட்டார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகளோடு இருப்பவர்களும் உண்டு. "தொழிற்சாலையைத் திறக்கப் போகிறார்களாம்" என்று செய்தி வரும்போதெல்லாம் எழும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். மூடிக்கிடக்கும் எந்தச் சீனி ஆலைக்கும் இந்தப் பதில்கள் பெரும்பாலும் பொருந்தும்.

ஆலை மறுபடி ஓடினால்தான் பழைய நிலுவை கிடைக்குமா?

இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் பிணைத்ததால்தான் பலர் பணத்தைக் காணாமலே கண்மூடிப் போனார்கள். வேலை நின்ற அன்றே நிலுவை கடனாகிவிட்டது. அந்தக் கடனுக்கு ஆள் பழைய வேலைகொள்வோர். அரசுக் கூட்டுத்தாபனமாக இருந்தால், அதன் பொறுப்புகளை ஏற்ற அமைச்சும் திறைசேரியும் பதில் சொல்ல வேண்டும். புதிய முதலீட்டாளர் "இலாபம் வந்ததும் தருவோம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். புதிதாகத் தொடங்கும் சீனி ஆலை முதல் சில ஆண்டுகள் இலாபம் காண்பது அரிது. ஏன் என்று கீழே வருகிறது.

எனக்கு என்னென்ன வர வேண்டும்?

ஒரே தொகையாக நினைக்காதீர்கள். ஒவ்வொன்றும் தனிச் சட்டம், தனி மேசை.

முதலாவது, கொடுபடாத சம்பளமும் விடுப்புக் கொடுப்பனவும். இரண்டாவது, ஊழியர் சேமலாப நிதி. 1958இன் 15ஆம் இலக்கச் சட்டப்படி இன்று தொழிலாளி 8 சதவீதமும் வேலைகொள்வோர் 12 சதவீதமும் செலுத்த வேண்டும். பழைய ஆண்டுகளில் விகிதம் இதைவிடக் குறைவு. மூன்றாவது, ஊழியர் நம்பிக்கை நிதி: வேலைகொள்வோர் மட்டும் கட்டும் 3 சதவீதம். 1980இல் வந்த சட்டம் என்பதால் அதற்கு முந்தைய சேவைக்கு இது இல்லை. நான்காவது, 1983இன் 12ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடை. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடத்தில் 5 ஆண்டு சேவை முடித்திருந்தால் இது உரிமை. மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம். மற்றவர்களுக்கு ஆண்டுக்கு 14 நாள் கூலி.

ஐந்தாவது, வேலைநீக்க நட்டஈடு. 1971இன் 45ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொழில் ஆணையாளர் நாயகம் கட்டளையிடுவது. இதற்கான கணக்கு வாய்பாடு 2005இல் வந்தது. முதல் 5 ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம், 6 முதல் 14 வரை இரண்டு மாதம், 15 முதல் 19 வரை ஒன்றரை மாதம் என்று இறங்கிப் போகும். 18 ஆண்டு சேவை என்றால் 12.5, 18, 6 ஆகியவற்றைக் கூட்டி 36.5 மாதச் சம்பளம். உச்சவரம்பு 2021இல் 12.5 இலட்சம் ரூபாவிலிருந்து 25 இலட்சமாக உயர்ந்தது. 2005க்கு முன்னர் மூடிய ஆலைக்கு இந்த வாய்பாட்டைக் காட்டிக் கேட்க முடியாது. அன்று என்ன கட்டளை போனது, என்ன ஓய்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டது என்பதைத்தான் தேட வேண்டும்.

பணிக்கொடையை எப்படிக் கணக்குப் போடுவது?

ஓர் உதாரணம். கடைசி மாதச் சம்பளம் 4,200 ரூபா, சேவை 18 ஆண்டு. அரை மாதம் 2,100. அதை 18ஆல் பெருக்கினால் 37,800. பணிக்கொடையை வேலை நின்று 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாமதித்தால் மேலதிகக் கட்டணம் 10 சதவீதத்தில் தொடங்கி, ஓர் ஆண்டைத் தாண்டியதும் 30 சதவீதத்தில் நின்றுவிடும். அந்த 30 சதவீதம் 11,340. மொத்தம் 49,140 ரூபா.

இந்தக் கணக்கிலேயே அநியாயம் தெரிகிறது. 37,800 ரூபா என்பது அன்று ஒன்பது மாதச் சம்பளம். முப்பது ஆண்டு கழித்து அதே தொகையை 30 சதவீதம் கூட்டிக் கொடுத்தால், வெள்ளவத்தையில் ஒரு மாத வீட்டு வாடகைக்கும் காணாது. ஒரு வருடம் பிந்தினாலும் முப்பது வருடம் பிந்தினாலும் தண்டம் ஒன்றுதான் என்றால், இழுத்தடிப்பவருக்கு அவசரம் எதற்கு? ஆகவே பேச்சுவார்த்தையில் சட்டத் தொகையை அடித்தளமாக மட்டும் வையுங்கள். பணத்தின் இன்றைய பெறுமதிக்கு ஏற்ப ஒரு கூடுதல் தொகையைத் தனியாகக் கேளுங்கள். சட்டம் அதைக் கட்டாயப்படுத்தாது. ஆனால் அமைச்சரவைத் தீர்மானத்தாலோ புதிய குத்தகை ஒப்பந்தத்தாலோ கொடுப்பதைச் சட்டம் தடுப்பதும் இல்லை.

சேமலாப நிதியைச் சம்பளத்தில் வெட்டினார்கள், ஆனால் கட்டவில்லை. என்ன செய்யலாம்?

வேலைகொள்வோர் அடுத்த மாத முடிவுக்குள் கட்டியிருக்க வேண்டும். கட்டாவிட்டால் 5 சதவீதத்தில் தொடங்கும் மேலதிகக் கட்டணம், 12 மாதம் கடந்தால் 50 சதவீதம் வரை ஏறும். உங்கள் முறைப்பாட்டை ஏற்றுத் தொழில் ஆணையாளர் சான்றிதழ் அனுப்பினால், நீதவான் நீதிமன்றம் அந்தத் தொகையைத் தண்டப்பணம் போல அறவிடலாம். நீங்கள் சட்டத்தரணி வைக்க வேண்டிய வழக்கு அல்ல இது, வழக்காளி தொழில் திணைக்களம்.

முறைப்பாட்டுக்கு நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் செயலகத்துக்குப் போகலாம். தமிழில் எழுதிக் கொடுக்கலாம். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். முத்திரை இல்லாத பிரதி பிறகு எதற்கும் உதவாது.

என்ன ஆவணம் வேண்டும்?

நியமனக் கடிதம், சம்பளச் சிட்டை, சேமலாப நிதி அங்கத்துவ அட்டை (பீ கார்ட்), வேலை நின்ற கடிதம், அடையாள அட்டை.

இவற்றில் பீ கார்ட் தான் உயிர்நாடி. அதில் இரண்டு எண் இருக்கும்: வேலைகொள்வோர் இலக்கம், அங்கத்துவ இலக்கம். இந்த இரண்டும் தெரிந்தால் மற்றதைத் தேடிப் பிடிக்கலாம். அட்டை கையில் இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கோப்பு தேங்கிக் கிடப்பது பெரும்பாலும் இங்கேதான். தகப்பன் பெயரின் முதலெழுத்து விடுபட்டிருக்கும். தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதி, அதிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றியதில் "ழ" போய் "ல" வந்திருக்கும். பிறந்த வருடம் அடையாள அட்டையோடு ஒத்திருக்காது. ஆள் ஒருவர்தான் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி ஒன்று முடித்து, பிறப்புச் சான்றிதழோடு முதலிலேயே இணைத்துவிடுங்கள். கோப்பு திரும்பி வந்த பின் செய்வதென்றால் மாதக்கணக்கில் போய்விடும்.

இடம்பெயர்ந்தபோது எல்லாம் போய்விட்டது. ஒரு கடதாசியும் இல்லை.

கதவு மூடவில்லை. 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஆலையின் பதிவேடுகளை வைத்திருக்கும் அமைச்சிடமும் தொழில் திணைக்களத்திடமும் தனித்தனியே விண்ணப்பியுங்கள். "என் விபரம் தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஆலையின் பெயர், பிரிவு (மில், பொயிலர், தோட்டம், வாகனப் பகுதி), சேர்ந்த ஆண்டு, நின்ற ஆண்டு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, "இந்த மாதத்துக்கான சம்பளப் பட்டியலின் பிரதி", "நிலுவைத் தொழிலாளர் பட்டியலில் என் பெயர் உள்ளதா" என்று எண்ணிட்டுக் கேளுங்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாளுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

கூடவே, உங்களோடு வேலை செய்து ஆவணம் வைத்திருக்கும் இருவரிடம் சத்தியக்கடதாசி வாங்கி வையுங்கள். அவர்களுக்கு வயதாகிவிட்டது. இதை ஒத்திப்போடாதீர்கள்.

கசுவல் ஆளாக, கரும்பு வெட்டும் பருவத்துக்கு மட்டும் வேலை செய்தேன்.

சேமலாப நிதிக்குத் தற்காலிகம், நிரந்தரம், துண்டுவேலை என்ற வேறுபாடு இல்லை. முதல் நாளிலிருந்தே உரிமை. பணிக்கொடையில் 5 ஆண்டு பூர்த்தியானதா என்பதில் தகராறு வரும். பருவத்துக்குப் பருவம் அதே இலக்கத்தில் திரும்ப எடுத்தார்கள் என்று காட்டும் வரவுப் பதிவு இருந்தால் வாதம் பலமாகும்.

அப்பா இறந்துவிட்டார்.

உரிமை இறக்கவில்லை. சேமலாப நிதியில் அவர் பின்னுரித்தாளியைப் பெயர் குறித்திருந்தால் அந்தப் பின்னுரித்தாளிக்கு. இல்லையென்றால் சட்ட வாரிசுகளுக்கு. உயிரோடு இருப்பவர் கோருவது 'கே' படிவத்தில், இறந்தவருக்காகக் கோருவது 'எல்' படிவத்தில். மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், எல்லாப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். கனடாவிலோ இலண்டனிலோ ஒரு பிள்ளை இருந்தால் அவருடைய அற்றோணித் தத்துவம் அங்குள்ள இலங்கைத் தூதரகம் வழியாக வர நாளாகும். அதை முதலில் தொடங்குங்கள்.

ஆறு மாதக் காலக்கெடு கடந்துவிட்டது என்கிறார்களே?

அந்த ஆறு மாதம், வேலைநீக்கத்துக்கு எதிராகத் தொழில் நியாய சபைக்குப் போவதற்கானது. சேமலாப நிதி, பணிக்கொடை முறைப்பாடுகளைத் தொழில் ஆணையாளரிடம் கொண்டுபோவது வேறு பாதை. இரண்டையும் குழப்பிச் சொல்லும் பதிலைக் கேட்டுத் திரும்பி வராதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

தனியார் கம்பனி. கலைக்கப்படுகிறது. வங்கிக்கும் கடன். நமக்கு என்ன மிஞ்சும்?

2007இன் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, பணிக்கொடை ஆகியவற்றுக்கு முன்னுரிமை தருகிறது. ஆனால் ஈடு வைத்த சொத்தை வங்கி தன் பிடியில் வைத்துக்கொள்ளும். ஆகவே கலைப்பாளரிடம் உரிமைக் கோரிக்கையை அறிவித்த திகதிக்குள் கொடுங்கள். ஈட்டில் இல்லாத சொத்து எது என்று கேளுங்கள்: களஞ்சியத்துச் சீனி, கழிவுப்பாகு (மொலாசஸ்), வாகனங்கள், வயலில் நிற்கும் கரும்பு. இவை சீக்கிரம் விற்றுத் தீரக்கூடியவை. தொழிலாளர் பக்கம் கண்வைக்க வேண்டிய இடம் இதுதான்.

பாதிப் பணம் தருகிறோம், முழுத் தீர்வு என்று கையெழுத்துப் போடு என்கிறார்கள்.

வாங்கலாம். ஆனால் "பகுதிக் கொடுப்பனவாகப் பெற்றேன், மீதிக்கான உரிமைக்குப் பாதகமின்றி" என்று கையெழுத்துக்கு மேல் எழுதுங்கள். அதை அனுமதிக்காவிட்டால், எந்தத் தலைப்புக்கு எவ்வளவு என்று பிரித்த சிட்டை இல்லாமல் கையெழுத்து வேண்டாம்.

முப்பது ஆண்டு துருப்பிடித்த இயந்திரம் ஓடுமா?

சில பாகம் ஓடும், பெரும்பகுதி ஓடாது. எது எது என்று பாகம் பாகமாகப் பார்க்க வேண்டும்.

கரும்பைப் பிழியும் மில்லின் வார்ப்பிரும்புச் சட்டகமும் பெரிய பற்சக்கரங்களும் வெடிப்பில்லாமல் இருந்தால் பயன்படும். உருளைகளில் கவனம் வேண்டும். உருளையின் தண்டு வெண்கல பெயாரிங்கில் உட்காரும் இடத்தை மண்ணெண்ணெய் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். கறுத்த பழைய கிரீஸ் வந்தால் நல்ல அறிகுறி. அது உலோகத்தைக் காத்திருக்கிறது. செம்பொடி வந்து, நகத்தால் வருடும்போது குழி தட்டுப்பட்டால், அந்தத் தண்டு பாரம் ஏறியதும் அந்தக் குழியிலிருந்தே வெடிக்கும். கண்ணுக்கு நன்றாகத் தெரிவதையும் அல்ட்ராசொனிக் சோதனை இல்லாமல் பூட்டக்கூடாது.

சாற்றை வற்றவைக்கும் ஆவியாக்கியின் பித்தளைக் குழாய், வெண்கல பெயாரிங், செப்புக் கேபிள் ஆகியவைதான் பூட்டிய ஆலையிலிருந்து முதலில் களவு போகும். மின்பலகை, மோட்டர், அளவுமானிகள் எல்லாம் புதிதாக வேண்டும் என்றே கணக்கில் எழுதுங்கள். பொயிலரின் குழாய்த் தடிப்பை இடத்துக்கு இடம் அளந்து, வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கில் தண்ணீரால் சோதிக்க வேண்டும்: 14 பார் என்றால் 21 பார். குளிர்ந்த தண்ணீரில் தாங்கியது என்பதற்காக மெல்லிய குழாயை விட்டுவைப்பது ஆளைக் கொல்லும். பழைய பொயிலரைத் திருத்துவதைவிடப் புதியது வாங்குவதே பெரும்பாலும் மலிவு.

அப்படியானால் புது இயந்திரம் வந்தால் போதுமா?

போதாது. பெரும்பாலான திட்டங்கள் சறுக்குவது இங்கேதான்: இயந்திரத்துக்குக் காசு ஒதுக்குவார்கள், கரும்புக்கு ஒதுக்கமாட்டார்கள்.

நாளொன்றுக்கு 1,500 தொன் அரைக்கும் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். 150 நாள் பருவத்துக்கு 225,000 தொன் கரும்பு. ஹெக்டேயருக்கு 60 தொன் என்றால் 3,750 ஹெக்டேயர். நூற்றுக்கு 8.5 சீனி கிடைத்தால் ஏறத்தாழ 19,000 தொன் சீனி.

அந்த 3,750 ஹெக்டேயரில் நட, ஹெக்டேயருக்கு 7 தொன் வீதம் விதைக்கரும்பு எங்கிருந்து வரும்? ஒரு ஹெக்டேயர் நாற்றுமேடை பத்து ஹெக்டேயருக்குக் கரணை (நடும் கரும்புத் துண்டு) தரும். 40 ஹெக்டேயரில் தொடங்கினால் எட்டு மாதத்தில் 400, இன்னும் எட்டு மாதத்தில் 4,000க்குப் போதிய கரணை. அதை நட்டு, முற்றி வெட்ட இன்னும் 12 மாதம். மொத்தம் 28 மாதம், மழை பிழைக்காமல் இருந்தால். இதைச் சுருக்க நினைத்து வேறு பகுதிக் கரும்பைச் சோதிக்காமல் கொண்டுவந்து நட்டால் வெள்ளை இலை நோய் கூடவே வரும். தத்துப்பூச்சி அதைப் பரப்பும். வெட்டிய அடியிலிருந்து துளிர்க்கும் மறுதாம்புப் பயிர் வெளிறிப் படுத்துவிடும். உடவளவையில் உள்ள கரும்பு ஆராய்ச்சி நிறுவகத்தின் பரிந்துரைப்படி இனம் தெரிந்து, கரணையைச் சுடுநீரில் பதப்படுத்தி நடுவதே வழி.

ஆக, பொயிலர் ஓடர் கொடுப்பதற்கு முன்னரே நாற்றுமேடை பச்சைப் பிடித்திருக்க வேண்டும். நிலத்தில் இப்போது யார் பயிர் செய்கிறார்கள், குளத்துத் தண்ணீரில் நெல்லுக்கு எவ்வளவு, கரும்புக்கு எவ்வளவு என்பதையும் அந்தக் கட்டத்திலேயே விவசாயிகளோடு பேசித் தீர்க்க வேண்டும்.

முதல் பருவத்தில் என்னென்ன பிழைகள் வரும்?

கரும்பு குறைவாக வரும். ஆலை நின்று நின்று ஓடும். நின்றால் சக்கை வராது. சக்கை இல்லாவிட்டால் பொயிலருக்கு விறகோ உலை எண்ணெயோ எரிக்க வேண்டும். இலாபம் அங்கே புகையாகும். சக்கையின் ஈரம் 50 சதவீதத்தில் இருந்தால் நன்றாக எரியும். மில் சரியாகப் பிழியாமல் 54க்கு ஏறினால் தீ படுத்துவிடும். வெட்டிய கரும்பு 24 மணித்தியாலத்துக்குள் மில்லுக்கு வர வேண்டும். வரிசையில் கிடந்து புளித்தால் பாகு நூல்போல இழுபட்டு, படிகம் பிடிக்காது.

சாற்றுக்குச் சுண்ணாம்பு சேர்க்கும்போது தெளிந்த சாறு பி.எச். 7இல் நிற்க வேண்டும். 6.8க்குக் கீழே போனால் சீனி உடைந்து வீணாகும், 7.5ஐத் தாண்டினால் நிறம் கறுக்கும். இன்னொன்று, புதிய ஆட்கள் பெரும்பாலும் தவறவிடுவது: ஆவியாக்கியில் ஒடுங்கிய நீரைப் பொயிலருக்குத் திருப்பி அனுப்பும்போது அதில் சீனி கலந்திருக்கிறதா என்று அல்பா நப்தோல் சோதனையை மணிக்கு மணி செய்ய வேண்டும். ஊதா வளையம் தெரிந்தால் அந்தத் தண்ணீரை உடனே வெளியே விட வேண்டும். விடாவிட்டால் பொயிலர் நுரைக்கும், குழாய் வெடிக்கும். அந்த வளையத்தைப் பார்த்துப் பழகிய கண் பழைய தொழிலாளிக்குத்தான் உண்டு. 70 வயது ஆளைப் பாரம் தூக்க அழைக்க வேண்டியதில்லை; ஆய்வுகூடத்திலும் பாகு காய்ச்சும் பான் மேடையிலும் இளையவருக்குப் பக்கத்தில் நிற்கச் சம்பளம் கொடுத்து அழையுங்கள்.

சீனி விற்று மட்டும் ஆலை பிழைக்குமா?

கடினம். இங்கே தயாராவது சிவப்புச் சீனி. நாட்டின் தேவையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் உள்ளூர். மற்றது கப்பலில் வந்து புறக்கோட்டை வழியாகக் கடைக்குப் போகிறது. இறக்குமதித் தீர்வையை 2020 ஒக்டோபரில் கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக இறக்கினார்கள். 2023 நவம்பரில் மறுபடி 50 ரூபாவாக்கினார்கள். ஒரு வர்த்தமானி அறிவித்தலில் ஆலைச் சீனியின் விலை தலைகீழாகும். செவனகல, பெல்வத்தை போன்ற இடங்களில் கழிவுப்பாகிலிருந்து எடுக்கும் மதுசாரம்தான் சீனியைத் தாங்குகிறது. ஒரு தொன் கழிவுப்பாகில் 220 முதல் 250 லீற்றர் வரை வரும். அதற்கு மதுவரித் திணைக்கள அனுமதியும், கழிவுநீருக்குச் சுற்றாடல் உரிமமும் வேண்டும்.

இலங்கையில் மூடிய சீனி ஆலை மீண்டது உண்டா?

உண்டு. அம்பாறை மாவட்டத்து ஹிங்குராணை ஆலை அரசுக்கு 51 சதவீதமும் தனியாருக்கு 49 சதவீதமும் என்ற கூட்டில் மறுபடி ஓடியது. ஓடிக்கொண்டிருந்த பெல்வத்தையையும் செவனகலையையும் 2011இன் 43ஆம் இலக்கச் சட்டத்தால் அரசு எடுத்துக்கொண்டது. கரும்பு வயலும் விவசாயிகளும் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த இடங்கள் அவை.

மறுபடி வேலைக்கு எடுத்தால் பழைய நிலுவையை விட வேண்டுமா?

வேண்டாம். புதிய நியமனம் புதிய சேவை. சட்டப்படி குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. அதற்குக் கீழே எந்தப் "பயிற்சிக் கொடுப்பனவையும்" ஏற்காதீர்கள்.

கொழும்பில் அமைச்சோடு பேசப் போகிறோம். ஒப்பந்தத்தில் என்ன கேட்பது?

தொழிலாளர் பெயர்ப்பட்டியலை ஆளுக்காள் தொகையுடன் மூன்று மொழியிலும் காட்சிக்கு வைத்து, திருத்தம் கேட்க 60 நாள் தர வேண்டும். குத்தகை முற்பணமும் பழைய இரும்பு விற்ற காசும் தனி வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். தொழில் திணைக்களத்தின் ஒப்பமின்றி அதிலிருந்து ஒரு சதமும் வெளியே போகக்கூடாது. இரும்பை நிறுக்கும்போது தராசுக்குப் பக்கத்தில் தொழிலாளர் பிரதிநிதி ஒருவர் நிற்க வேண்டும்; நிறைச் சிட்டையின் ஒரு பிரதி அவர் கையில். முதலில் 70 வயது தாண்டியவர்களுக்கும் கணவனை இழந்த பெண்களுக்கும் கொடுக்க வேண்டும். இவை முடிந்த பின்னரே ஆலையின் சாவி கைமாற வேண்டும்.